இரண்டு மணித்தியாலம் பயிற்சி, இரண்டேகால் நிமிடம் பாய்ச்சல்

(பாடசாலை விளையாட்டுப் பயிற்சி பற்றிய ஒரு இணைய இழை. ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மணல்குழி (ஞாயிறு இரவு)

போன வியாழக்கிழமை ஒரு வேலை செய்தேன். பின்னேரம் பயிற்சிக்குப் போகும்போது விசிலை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு கொப்பியும் கைக்கடிகாரமும் மட்டும் கொண்டு போனேன். மைதான ஓரத்து மரநிழலில் குந்தியிருந்து, நாலு மணியிலிருந்து ஆறு பத்து வரை ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வயதுக்குட்பட்ட பிரிவில் நீளம் பாய்கிற பிள்ளை. கெட்டிக்காரி. மழை பெய்தாலும் வந்துவிடுவாள்.

கொப்பியில் எழுதியது இதுதான். மற்றவர்கள் வந்து சேரும்வரை நின்றது 18 நிமிடம். மைதானத்தைச் சுற்றி ஓடி, கைகால் நீட்டி மடக்கியது 25 நிமிடம். உதைபந்துப் பெடியன்கள் அடித்த பந்து மணல்குழிக்குள் விழ, அதை எடுத்துக் கொடுத்து அவர்களோடு வாய்காட்டியது 6 நிமிடம். கோட்டைப் பக்கமிருந்து இரண்டு மான் மைதானத்துக்குள் வந்துவிட்டதால் எல்லாரும் வேடிக்கை பார்த்தது 4 நிமிடம். (திருகோணமலையில் பிறந்த பிள்ளைகள் மானை ஏன் இன்னும் வாய் பிளந்து பார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.) மிச்சமெல்லாம் வரிசையில் நின்றது. பாய்ந்தது 9 தரம். ஓடத் தொடங்கி, மணலைத் தட்டிக்கொண்டு எழும்பும்வரை ஒரு பாய்ச்சலுக்கு 15 செக்கன். பெருக்கிப் பாருங்கள். இரண்டேகால் நிமிடம்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அந்த 9 பாய்ச்சலில் 6 பவுல், அதாவது மிதிக்கிற பலகைக்கு அப்பால் கால் வைத்துப் பாய்ந்தவை. ஒருவரும் சொல்லவில்லை. பலகைக்குப் பக்கத்தில் ஆள் நின்றால்தானே சொல்வதற்கு? நாங்கள் எல்லாரும் அவள் விழுந்த இடத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். உயர்தரம் படிக்கும்போது மாகாணப் போட்டிக்கு மட்டக்களப்புக்குப் போனேன். மூன்று பாய்ச்சல், மூன்றும் பவுல். முதல் மூன்றில் ஒன்றாவது சரியாக இருந்தால்தான் எட்டுப் பேருக்குள் வந்து அடுத்த மூன்றைப் பாயலாம். மூன்றாவது தரம் சிவப்புக் கொடி எழும்பியபோது திரும்பிப் பார்த்தேன். பலகைக்கு அப்பால் என் விரல் தடம், இரண்டு விரல் அகலம். அந்த வருடம் முழுக்க நான் என் ஓடுதூரத்தை நாடாவால் ஒரு தரம்கூட அளந்ததில்லை. கால் தானாகப் பலகைக்கு வரும் என்று நினைத்தேன். வராது என்று உள்ளுக்குள் தெரியும். தெரிந்துகொண்டுதான் விட்டேன். பதக்கம் கிடைக்காததை எப்போதோ மறந்தாயிற்று, அந்த இரண்டு விரல் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

இந்தப் பிள்ளைக்கும் அதே கதை நடக்கக்கூடாது. வலயப் போட்டிக்கு ஏழு கிழமை இருக்கிறது. உங்கள் மைதானங்களில் நேரத்தை எப்படிப் பாவிக்கிறீர்கள்?

பழைய விசில் (திங்கள் காலை)

தம்பி, முப்பது வருடம் பி.ரி. படிப்பித்தவன் என்ற உரிமையில் முதலில் உங்கள் கணக்கைத் திருத்துகிறேன். வரிசையில் நின்றதை எல்லாம் வீண் என்று போடாதீர்கள். முழு வேகத்தில் ஆறேழு செக்கன் ஓடினால் தசைக்குள் இருக்கிற, உடனே சக்தி தருகிற பொஸ்போகிரியேட்டின் கடகடவென்று இறங்கிவிடும். அது திரும்ப நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். பத்து மீற்றர் முழு வேக ஓட்டத்துக்கு ஒரு நிமிட ஓய்வு என்பது பயிற்றுவிப்பாளர்களின் வாய்க்கணக்கு. அந்த ஓய்வைப் பறித்தால் பிள்ளை பழகுவது வேகமாக ஓடுவதை அல்ல, களைத்துப்போய் ஓடுவதை.

உங்களைப் போல கொப்பியோடு கணக்குப் பார்த்த ஒரு இளம் ஆசிரியரை எனக்குத் தெரியும். ஓய்வு எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, ஒரு மணித்தியாலத்தில் 25 பாய்ச்சல் பாய வைத்தார். மூன்றாம் கிழமை இரண்டு பிள்ளைகளுக்குக் குதிக்கால் நோ.

ஓய்வில் இருக்கிற பிள்ளை என்ன செய்கிறது என்றுதான் பார்க்கவேண்டும். ஒன்று பலகைக்குப் பக்கத்தில் குந்தி அடுத்தவளின் காலைப் பார்க்கட்டும். இன்னொன்று நாடாவைப் பிடிக்கட்டும். இன்னொன்று எழுதட்டும். அடுத்தவளின் பவுலைப் பத்துத் தரம் கண்ணால் கண்ட பிள்ளைக்குத் தன் கால் எங்கே விழுகிறது என்ற நினைப்புத் தானாக வரும்.

என் மனதில் நிற்கிறது வேறு. நூறு மீற்றர் ஓடிய ஒரு பெடியன். அருமையான கால். மூன்று வருடமும் நான் அவனுக்குக் கைதட்டித்தான் ஓட்டம் தொடக்கிவைத்தேன். பெரிய போட்டியில் முதல் தரமாகத் துவக்கு வெடிச் சத்தம் கேட்கப்போகிறான். ‘ஆயத்தம்’ என்றதும் நடுங்கி முன்னால் பாய்ந்துவிட்டான். 2010 முதல் ஒரு தரம் பிழையாக எழும்பினாலே வெளியேதான், இரண்டாவது தரம் இல்லை. 2011இல் தென்கொரியாவின் தேகுவில் நடந்த உலகப் போட்டியின் நூறு மீற்றர் இறுதியில் உசைன் போல்ட்டையே அப்படித்தான் அனுப்பினார்கள். ஆனால் என் பெடியனுக்கு நடந்ததற்குப் பிழை என்னுடையது. இரண்டு பலகைத் துண்டுக்குப் பிணைச்சல் அடித்து, வெடிபோலச் சத்தம் போடுகிற ஒரு தட்டுக்கட்டை செய்ய எனக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? தச்சன் வீட்டுக் குப்பையிலேயே பலகை கிடந்திருக்கும்.

கிண்ணியா_800 (திங்கள் பகல்)

சேர் சொன்ன தட்டுக்கட்டையை நாளைக்கே செய்யப்போகிறேன்.

என் விசயம் நேர்மாறு. பயிற்சி குறைந்ததால் நான் கெட்டதில்லை, கூடியதால்தான் கெட்டேன். போட்டிக்கு முதல் கிழமை பயம் வந்துவிடும். ‘இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாம்’ என்ற எண்ணம் வரக்கூடாது என்று விடிய சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒன்று, பின்னேரம் ஒன்று என்று ஓடுவேன். போட்டியன்று கால் ஈயக்கட்டி. கடைசி 200 மீற்றரில் என்னை நாலு பேர் தாண்டிப் போனதை இப்போதும் கனவில் காண்கிறேன்.

இப்போது விளையாட்டு விஞ்ஞானம் படிக்கிறபடியால் அது ஏன் என்று விளங்குகிறது. 2007இல் போஸ்கே என்பவரின் குழு இதைப்பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. போட்டிக்கு முந்திய இரண்டு கிழமை, ஓடும் அளவை 41 முதல் 60 வீதம் வரை குறைத்து, வேகத்தை மட்டும் அப்படியே வைத்திருந்தவர்களுக்குத்தான் நல்ல பலன். அதாவது குறைவாக ஓடு, ஆனால் மெதுவாக ஓடாதே. நான் செய்ததோ கூட ஓடியது, அதுவும் மெதுவாக.

நோன்பு காலத்தில் வலயப் போட்டி வந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தடுமாறிப் போகிறார்கள். பகல் வெயிலில் ஓடவைப்பது பிழை. நோன்பு திறக்க முதல் முக்கால் மணித்தியாலம், குறைந்த தரம், நிறைய ஓய்வு, முடிந்ததும் தண்ணீரும் பேரீச்சம்பழமும். எங்களுக்கு அதுதான் சரிவந்தது. மற்றபடி ஆனி, ஆடிக் கச்சான் காற்றில் பின்னேரம் மூன்று மணிக்குப் பிள்ளைகளைச் சுற்றி ஓடவிடுகிற சேர்மார் ஒரு நாள் தாங்களும் கூட ஓடிப் பார்க்கவேண்டும்.

உப்புவெளி அம்மா (திங்கள் இரவு)

நான் விளையாட்டுக்காரி இல்லை, வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். என்ர மகள் அஞ்சல் ஓட்டத்தில் இருக்கிறாள். ஐந்து மணிக்கு ரியூசன். பொழுதுபட்டபின் மைதானத்தில் நிற்கவிட எனக்கு மனமில்லை, அவளுடைய அப்பாவுக்கும் இல்லை. ஆக மூன்றே முக்காலிலிருந்து நாலரை வரைதான். மற்றப் பிள்ளைகள் இரண்டு மணித்தியாலம் பழகும்போது இவள் 45 நிமிடத்தில் என்னத்தைச் செய்வாள்? ‘அம்மா, நான் விட்டுவிடவா?’ என்று கேட்கிறாள். இரவு பதினொன்றரைக்குப் படித்து முடித்து, விடிய ஐந்துக்கு எழும்புகிறாள். சொல்லுங்கோ.

மணல்குழி (திங்கள் இரவு)

அக்கா, விடவேண்டாம். நான் பார்த்த பிள்ளை இரண்டு மணித்தியாலத்தில் பாய்ந்தது இரண்டேகால் நிமிடம். உங்கள் மகளின் 45 நிமிடம் அதைவிட எவ்வளவோ.

வரும்போதே சப்பாத்து மாட்டி, நடந்து சூடாகி வரச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் உடம்பு தயார். பிறகு கோல் மாற்றுவதை மட்டும் பழகட்டும், முழு வேகத்தில் ஐந்தாறு தரம். நாலு பேரும் ஒரே நேரத்தில் நிற்கிற அந்த அரை மணித்தியாலத்தைச் சுற்றி ஓடிச் செலவழிக்கக்கூடாது. தனியாக ஓடுவதைத் தனியாக இருக்கும்போது ஓடலாம், கோலைத் தனியாக மாற்ற முடியாது.

நித்திரையைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். ஐந்தரை மணித்தியாலம் காணாது. அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் 11 பேரை ஐந்து முதல் ஏழு கிழமை வரை தினமும் பத்து மணித்தியாலம் கட்டிலில் இருக்கவைத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளியான ஆய்வு. ஓட்ட வேகமும் கூடியது, கூடைக்குள் பந்து போடுகிற துல்லியமும் 9 வீதமளவில் கூடியது. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு அணியும் இல்லை. எங்கள் வீடுகளில் பத்து மணித்தியாலம் நடக்காது, சரி. எட்டுக்காவது பாருங்கள்.

நேரே_சொல்பவன் (செவ்வாய் காலை)

எல்லாரும் நல்லாகத்தான் கதைக்கிறீர்கள். நான் நேரே கேட்கிறேன். எங்கள் பிள்ளைகள் பழகுவது புல்லிலும் மண்ணிலும். கொழும்புப் பிள்ளைகள் சுகததாச மைதானத்துச் செயற்கை ஓடுபாதையில். அவர்களுக்கு மருத்துவர், மசாஜ், புரதமா. இவர்களுக்குக் காலையில் பாணும் பிளேன்ரியும். நிமிடக்கணக்குப் பார்த்து இந்த இடைவெளியை அடைக்கலாம் என்று சொல்வது பிள்ளைகளை ஏமாற்றுவது. பத்தாயிரம் மணித்தியாலம் பழகினால்தான் மேலே வரலாம் என்று ஆராய்ச்சியே சொல்லுது. 45 நிமிடத்தில் என்ன வரும்? மனவருத்தம் இல்லாமல் தோற்பது எப்படி என்றா இந்த இழை?

பழைய விசில் (செவ்வாய் காலை)

1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம் கொண்டு வந்தவர் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். அவருக்கு எந்தச் செயற்கை ஓடுபாதை இருந்தது?

நேரே_சொல்பவன் (செவ்வாய் பகல்)

சேர், அவர் அப்போது கலிபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்தவர். பாதிக் கதையை மட்டும் சொல்லாதீர்கள்.

பழைய விசில் (செவ்வாய் பகல்)

அதுவும் சரிதான். ஆனால் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனது யாழ்ப்பாணத்தில் பழகிய காலோடு. மிச்சப் பாதியை நானும் சொல்லிவிட்டேன்.

கோல்_மூன்று (செவ்வாய் இரவு)

நான் லிங்கநகர்ப் பிள்ளை, இப்போது கொழும்பில் வேலை. பாடசாலை அஞ்சலில் மூன்றாவது ஆள், அதுதான் இந்தப் பெயர்.

நேரே_சொல்பவன் அண்ணா, வசதி பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை. நான் முதல் தரம் சுகததாசவுக்கு வந்தபோது என் ஸ்பைக்ஸ் ஆணியைப் பார்த்த அதிகாரி, நீளம் கூட, இதோடு ஓடவிட முடியாது என்றார். அங்கே 9 மில்லிமீற்றருக்கு மேல் விடமாட்டார்கள், எனக்கு அது தெரியாது. எங்களைக் கூட்டிக்கொண்டு போனவருக்கும் தெரியாது. முகம் தெரியாத ஒரு சிங்களப் பிள்ளை தன் பையிலிருந்து ஆணிகளையும் திருகுசாவியையும் எடுத்துத் தந்து, தானே குந்தியிருந்து மாட்டியும் விட்டாள். இரவு ரயிலில் இருந்து வந்து, நித்திரையில்லாமல், ஓட்டத்துக்கு இருபது நிமிடம் இருக்க நான் ஆணி மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஓடுபாதை இல்லாதது ஒருவருடைய பிழையும் இல்லை என்று வைப்போம். ஆணி நீளம் என்ன என்று ஒருவரைப் போனில் கேட்டிருக்கலாமே?

பத்தாயிரம் மணித்தியாலம் பற்றி: உளவியலாளர் எரிக்சனும் கூட இருந்தவர்களும் 1993இல் எழுதியது பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி. அவர் அழுத்திச் சொன்னது தங்களுக்கு வராததைத் தேடிப் பிடித்துத் திருத்திப் பழகுவதை. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பரப்பியது மற்றவர்கள். வந்ததையே திரும்பத் திரும்பச் செய்து மணித்தியாலம் சேர்ப்பது அவர் சொன்ன பயிற்சியே இல்லை.

அஞ்சலுக்கு எனக்குப் பிடித்த கதை 2016 ரியோ. ஜப்பான் ஆண்கள் 4×100இல் வெள்ளி, 37.60 செக்கன். அந்த நாலு பேரில் ஒருவர்கூட அதுவரை நூறு மீற்றரைப் பத்துச் செக்கனுக்குள் ஓடியதில்லை. கீழிருந்து மேலே கொடுக்கும் முறையில் கோல் மாற்றுவதை அப்படித் தேய்த்துத் தேய்த்துப் பழகியிருந்தார்கள். வேகமான ஓட்டக்காரர் நிரம்பிய அமெரிக்கா 2008 பெய்ஜிங்கில் ஆண்கள், பெண்கள் இரண்டு அணியிலும் கோலைக் கீழே போட்டது. உப்புவெளி அம்மா, உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கோ. மாற்றும் பகுதி இப்போது 30 மீற்றர். அதற்குள் எந்த இடத்தில் கோல் கைக்கு வருகிறது என்று ஒருவர் பக்கத்தில் நின்று சுண்ணாம்பால் புள்ளி போட்டால் போதும், நாலு நாளில் வித்தியாசம் தெரியும்.

அப்புறம், ‘மனவருத்தம் இல்லாமல் தோற்பது’ என்று நக்கலடித்தீர்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் காட்சிகளை வைத்து ஒரு ஆய்வு, 1995இல் வந்தது. வெள்ளி எடுத்தவர்களைவிட வெண்கலம் எடுத்தவர்களின் முகத்தில் மகிழ்ச்சி கூட. வெள்ளிக்காரருக்கு ‘கொஞ்சத்தில் போச்சே’ என்ற எண்ணம், வெண்கலக்காரருக்கு ‘மேடையில் ஏறிவிட்டேன்’ என்ற எண்ணம். ஆக முன்னுக்கு வந்தவருக்கு மனவருத்தம் குறைவு என்று சொல்ல வழியில்லை. எங்கள் அணி கடைசியில் ஆறாவதாக வந்தது. கோல் மூன்று தரமும் ஒழுங்காக மாறியது. எனக்கு அந்த ஓட்டத்தை நினைத்தால் சந்தோசம்தான். ஆணிக் கதையை நினைத்தால்தான் இன்னும் முகம் சுடும்.

நேரே_சொல்பவன் (புதன் காலை)

ஆணிக் கதைக்குப் பதில் இல்லை, தங்கச்சி. என் அக்கா மகன் அடுத்த மாதம் கொழும்புக்குப் போகிறான். அவனுடைய ஆணியை இன்றைக்கு அளக்கிறேன்.

ஆனாலும் ஓடுபாதை பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கமாட்டேன். கேட்டுக்கொண்டேதான் இருக்கவேண்டும்.

மணல்குழி (அடுத்த ஞாயிறு)

இந்தக் கிழமை மாற்றியவை. பயிற்சி தொடங்க முதல் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே கேள்வி: ‘இன்றைக்கே போட்டி என்றால் உனக்கு எதற்குப் பயம்?’ முதல் நாள் எல்லாரும் ‘ஒன்றுக்கும் இல்லை சேர்’ என்றார்கள். இரண்டாம் நாள் குண்டு போடுகிற பெடியன் மெல்ல வந்து, ‘வட்டத்துக்கு முன்னால் வெளியே வந்துவிடுவேனோ என்று பயம்’ என்றான். அன்றைக்கு அவன் தூரமே பார்க்கவில்லை. போட்டுவிட்டுச் சமநிலையோடு நின்று, பின்பக்கத்தால் வெளியே வருவதை மட்டும் பழகினான்.

நீளம் பாய்கிற பிள்ளை யோசித்து யோசித்து, ‘சேர், நான் பலகையைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறேன், அதால கடைசியில் காலடி நீளம் குறையுது’ என்றாள். இரண்டு வருடம் பார்த்த எனக்கு அது தெரியாது! நாடாவை இழுத்து ஓடுதூரத்தை அளந்தோம். பலகைக்கு ஆள் வைத்தோம். மணலுக்குள் இறங்காமல் வெறும் ஓட்டமும் மிதிப்பும் மட்டும் எட்டுத் தரம், பாய்ச்சல் ஐந்து தரம். எதிர்க்காற்றென்றால் தொடங்கும் அடையாளத்தைக் கொஞ்சம் முன்னுக்கு, பின்காற்றென்றால் பின்னுக்கு. கடற்காற்று இருக்கிற ஊரில் இதைப் பழகாமல் எங்கே பழகுவது?

மான் இந்தக் கிழமையும் வந்தது. இரண்டு நிமிடம் விட்டுக்கொடுத்தேன்.

மணல்குழி (ஆறு கிழமைக்குப் பிறகு)

நேற்று வலயப் போட்டி. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் பாய்ச்சல் பவுல். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காற்றில் கொடி அசைவதைப் பார்த்தாள், தன் அடையாளத்துக்குப் போனாள், குனிந்து ஒரு பாதம் பின்னுக்கு வைத்தாள். இரண்டாவது வெள்ளைக் கொடி. மூன்றாவதும் வெள்ளை. அடுத்த மூன்றில் இன்னொரு பவுல், மற்ற இரண்டும் சரி. முடிவு நாலாம் இடம். மாகாணத்துக்குப் போகவில்லை.

பிறகு படிக்கட்டில் இருந்து ஐஸ்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் பக்கத்தில் போய் இருந்தேன். ‘சேர், காற்று பக்கத்தால அடிச்சா அடையாளத்தை எங்க வைக்கிறது?’ என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை.

உப்புவெளி அம்மா (அன்றிரவு)

என்ர மகளின் அணி மூன்றாவது. கோல் விழவில்லை. நேற்று ஒன்பதுக்கே படுத்துவிட்டாள். தம்பி, அந்தப் பிள்ளை எவ்வளவு பாய்ந்தாள் என்று சொல்லவில்லையே?

மணல்குழி (அன்றிரவு)

4.61 அக்கா. எங்கள் மைதானத்தில் பவுலில்லாமல் அவள் பாய்ந்த ஆகக் கூடிய தூரத்தைவிட 7 சென்ரிமீற்றர் கூட.